ஈசாக்கின் கைகளாக நான் நடித்த கதை

1. கேட்டில் கேமரா

எங்கள் தொழிற்சாலை கேட்டுக்குள் பாம்பு வந்தால் வாட்ச்மேன் கம்பை எடுப்பார். கேமரா வந்தால் கேட்டையே சாத்திவிடுவார். பாம்பு கடித்தால் ஒரு ஆளோடு போய்விடும் என்பது அவர் கட்சி. கேமரா என்றால் பாலாறு, கழிவுநீர், கோர்ட்டு, டி.வி. விவாதம் என்று ஊர் முழுவதும் கடிபடும். ஆம்பூரில் தோல் வேலை செய்கிறவன் கல்யாண வீட்டு வீடியோக்காரரைக் கண்டால்கூட ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் சிரிப்பான்.

அதனால் ஒரு திங்கட்கிழமை காலையில் சென்னை நம்பர் வேன் ஒன்று கேட்டில் நின்று, அதிலிருந்து கேமரா முக்காலியும் கறுப்புப் பெட்டிகளும் இறங்கியபோது, ஐந்து நிமிடத்தில் உள்ளே எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள். தோல் பதனிடும் டிரம் ஆட்கள் கையுறை மாட்டினார்கள். ஸ்டோர் கீப்பர் தரையைப் பெருக்கினார். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு தோலை வெளிச்சத்தில் பிடித்து, ரொம்ப நேரமாக அதையே பார்த்துக்கொண்டிருப்பவன் மாதிரி நின்றேன்.

என் பெயர் எட்வின். என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். நான் செலக்‌ஷன் மாஸ்டர். பதனிட்டு, சாயம் போட்டு, மினுக்கி முடித்த தோல் என் மேஜைக்கு வரும். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். வெயில் நேராக விழாது, நிறம் பொய் சொல்லாது. தோலை விரித்து, கையால் தடவி, இது ஒண்ணாம் செலக்‌ஷன், இது இரண்டு, இது மூன்று என்று பிரித்துக் கட்டுப் போட வேண்டும். உண்ணி கடித்த தழும்பு, அம்மைப் புள்ளி, உரிக்கும்போது கத்தி இறங்கிய கோடு, உள்ளே நார் தளர்ந்த இடம், இதில் பாதிதான் கண்ணுக்குத் தெரியும். மீதி விரலுக்குத்தான் தெரியும். இருபத்தெட்டு வருடமாக என் விரல்கள் சம்பாதித்தன, நான் சாப்பிட்டேன்.

சின்ன பாய் என்னைக் கூப்பிட்டனுப்பினார். எங்கள் முதலாளி பெரிய பாயின் இளைய மகன். மேனேஜ்மென்ட் படித்தவர், எதையும் நம்பாதவர். இரண்டும் ஒரே படிப்புதான் என்பது என் எண்ணம்.

"சார், சினிமாக்காரங்களாம். பைபிள் கதையாம். நம்ம ஃபேக்டரில ஷூட்டிங் எடுக்கணுமாம். அப்பா சரின்னுட்டார். எனக்கு டவுட்டா இருக்கு."

"இன்னா டவுட்டு பாய்?"

"பைபிள் கதை எடுக்கறவன் சர்ச்சுக்குப் போவான். இவங்க எதுக்கு டேனரிக்கு வர்றாங்க? நீங்க கிறிஸ்டியன்தானே. கூடவே இருங்க. டெக்னிக்கல் அட்வைசர்னு சொல்லிட்டேன். கழிவுநீர் பக்கம் கேமரா திரும்புச்சுன்னா எனக்கு போன் பண்ணுங்க."

ஆக, ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு இரண்டு புதுப் பதவிகள் ஒன்றாகக் கிடைத்தன. ஆலோசகர், உளவாளி. இரண்டுக்கும் தனிச் சம்பளம் இல்லை.

2. யாகூப் வீட்டு விவகாரம்

டைரக்டர் ஒரு பெண். பெயர் நிவேதா. முப்பது வயதிருக்கும். குரலை உயர்த்தாமல் பேசுவார், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். இரண்டுமே எங்கள் ஊரில் சந்தேகத்துக்குரிய குணங்கள்.

கதையை எனக்கும் சின்ன பாய்க்கும் சேர்த்துச் சொன்னார். வேதத்தில் வரும் பழைய கதைதான். ஈசாக்கு என்ற கிழவருக்குக் கண் தெரியவில்லை. மூத்த மகன் ஏசா, உடம்பெல்லாம் ரோமம். இளையவன் யாக்கோபு, வழவழப்பானவன். மூத்தவனை வேட்டையாடிச் சமைத்துக் கொண்டுவரச் சொல்லி, சாப்பிட்டபின் ஆசீர்வாதம் தருவதாக அப்பா சொல்கிறார். அம்மாவுக்கு இளையவன் மேல்தான் பிரியம். அவன் கையிலும் கழுத்திலும் ஆட்டுத் தோலைக் கட்டி, மூத்தவன் போல உள்ளே அனுப்புகிறாள். கிழவர் தடவிப் பார்க்கிறார். குரல் இளையவனுடையது மாதிரி இருக்கிறதே என்று சந்தேகப்படுகிறார். கையில் ரோமம் இருக்கிறது. ஆசீர்வாதம் கைமாறிவிடுகிறது.

நிவேதா இதை இன்றைய ஆம்பூருக்குக் கொண்டுவந்திருந்தார். கண் தெரியாத தோல் முதலாளி, இரண்டு மகன்கள். வேட்டை இறைச்சிக்குப் பதில் பிரியாணி. ஆசீர்வாதத்துக்குப் பதில் ஃபேக்டரி. "ஆனா ஆட்டுத் தோலை மட்டும் மாத்தல சார். அதுக்காகத்தான் இந்த ஊருக்கே வந்தேன்" என்றார்.

சின்ன பாய் முகம் மாறியது. டைரக்டர் வெளியே போனதும் கதவைச் சாத்தினார்.

"சார், எங்கப்பாவுக்குக் கண்ணு தெரியல."

"ஆமா பாய்."

"நாங்க ரெண்டு பேரு. அண்ணன் மெட்ராஸ்ல ஷோரூம் வெச்சிட்டுப் போய்ட்டான். நான் இங்க ஃபேக்டரியப் பாத்துக்கறேன். அண்ணனுக்குக் கையில முடி ஜாஸ்தி."

"பாய், இது மூவாயிரம் வருஷத்துக்கு முந்தின கதை."

"அப்பவே எவனோ சொல்லிக் குடுத்திருக்கான்" என்றார் சின்ன பாய். சொல்லிவிட்டு, அந்த எவன் நானாக இருக்குமோ என்று என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வாரம் எல்லாருமே சந்தேகப்பட்டார்கள். எங்கள் பாஸ்டர், வேட்டை இறைச்சி எப்படிப் பிரியாணி ஆகலாம் என்று கேட்டார். ஜமாத்திலிருந்து வந்த இரண்டு பேர், யாகூப் நபியை, அதாவது எங்கள் யாக்கோபை, நடிகர் யாராவது நடிக்கப் போகிறாரா என்று விசாரித்தார்கள். படத்தில் வருகிறவர்களுக்குச் சாதாரணப் பெயர்கள்தான் என்று தெரிந்ததும் டீ குடித்துவிட்டுப் போனார்கள். பிரியாணிக் கடைக்காரர் ஒருவர் மட்டும், எந்தக் கடைப் பிரியாணி என்று படத்தில் காட்டுவார்களா என்று கேட்டார். அந்த வாரம் நான் சந்தித்தவர்களில் ஒளிவுமறைவு இல்லாத மனிதர் அவர் ஒருவர்தான்.

3. ஒரு ஆலோசகரின் ரகசியம்

நான் சந்தேகப்பட்டதற்கு வேறு காரணம் இருந்தது. அதை இப்போது எழுதலாம், யாருக்கும் புதிய செய்தி இல்லை.

என் விரல்களில் உணர்ச்சி போய்விட்டிருந்தது.

சுகர். முதலில் கால் பெருவிரல் மரத்தது. கால் விரலால் தோல் பார்ப்பதில்லை என்பதால் நான் கவலைப்படவில்லை. பிறகு ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தான் போடும்போது, பொத்தான் கையில் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. வேலூரில் ஒரு டாக்டர் என் விரல் நுனியில் மெல்லிய நைலான் இழையை வைத்து, "தெரியுதா?" என்றார். "எது?" என்றேன். அவர் சீட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் மனைவிக்கு மாத்திரை மாறியது மட்டும்தான் தெரியும். ஃபேக்டரியில் யாருக்கும் சொல்லவில்லை. விரல் மரத்த செலக்‌ஷன் மாஸ்டரும் காது கேட்காத பியானோ டியூனரும் ஒன்று. அதுவும் சின்ன பாய் மேஜையில், தோலை ஸ்கேன் பண்ணித் தரம் பிரிக்கும் மெஷின் ஒன்றின் கேட்லாக் கிடந்த நேரம். மகள் கடைசி வருடம் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

அதனால் தந்திரங்கள் கண்டுபிடித்தேன். தோலை மடித்துக் காதருகே பிடித்து, அது எழுப்பும் சத்தத்தைக் கேட்டேன். தளர்ந்த தோலுக்கு ஒரு சத்தம், இறுகியதற்கு ஒன்று. வாசனை பார்ப்பது போல முகத்தருகே கொண்டுபோய்க் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். கன்னம் ஏமாற்றவில்லை. ஷேவ் பண்ணாத நாட்களில் மட்டும் மூன்றாம் செலக்‌ஷன் கொஞ்சம் ஜாஸ்தியாக விழுந்தது. பதினாலு மாதம் இப்படியே ஓட்டினேன். தோல் வாங்க வந்த இரண்டு வெளிநாட்டு பையர்கள் என்னைப் பார்த்து, இந்த மனிதர் தோலை எவ்வளவு நேசிக்கிறார் என்று வியந்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. நான் மாலையில் கட்டிவைத்துப் போகும் கட்டுகளில் சில, காலையில் வேறு முடிச்சோடு இருந்தன. நான் வலப்பக்கம் சுற்றி இரட்டை முடிச்சுப் போடுவேன். காலையில் இருந்தது இடப்பக்கம் சுற்றிய முடிச்சு. எங்கள் மேஜையில் இடதுகைக்காரர் ஒரே ஆள், காஞ்சனா. பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வருபவள், பதினொரு வருடமாக எனக்கு அடுத்த இடத்தில் நிற்பவள். வாய் சும்மா இருக்காது, கை அதைவிட வேகம்.

முடிவுக்கு வர எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. சின்ன பாய் இவளை வைத்து என் கட்டுகளைப் பிரித்து என் தப்புகளைச் சேகரிக்கிறார். மெஷின் வரும் அன்று அவற்றை வரிசையாக எடுத்து வைப்பார். நான் ஒரு சின்ன நோட்டில் முடிச்சு மாறியிருந்த தேதிகளையெல்லாம் குறித்துவைத்தேன். துப்பறியும் கதைகள் நிறையப் படித்தவன். அவற்றில் நோட்டு வைத்திருப்பவன்தான் ஜெயிப்பான்.

"இன்னா சார், புதுசா கவிதை எழுதறீங்களா?" என்று காஞ்சனா ஒருநாள் கேட்டாள்.

"இல்ல, ஜெபக் குறிப்பு."

"எனக்காகவும் கொஞ்சம் பண்ணுங்க. கால் வலிக்குது" என்றாள்.

4. ஒரு நொடி

ஷூட்டிங்குக்கு இரண்டு நாள் முன்னால் நிவேதா என் மேஜைக்கு வந்தார்.

"சார், ஒரு டவுட். கண்ணை மூடிட்டு, தொட்டே எது எந்தத் தோல்னு சொல்லிடுவீங்களாமே?"

யார் சொன்னது என்று கேட்க வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

"தாராளமா. ஆடு, செம்மறி, மாடு, எருமை எல்லாம் தொட்டாலே தெரியும். ஆட்டுத் தோல்னா கிரெய்ன், அதான் மேல் வரி, இறுக்கமா இருக்கும். செம்மறி கொஞ்சம் பஞ்சு மாதிரி." சொல்லும்போது என் கை ஒரு தோலைத் தடவிக்கொண்டிருந்தது. கைக்கு அது தோலா மேஜையா என்று தெரியவில்லை.

"அப்ப என் சீன்ல ஒரு பிரச்சினை இருக்குல்ல?" என்றார்.

இங்கேதான் வாயால் கெட்டேன். ஒரு சந்தேகக்காரனிடம் அவனுக்குத் தெரிந்ததைக் கேட்டால், சந்தேகத்தை மறந்து பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவான்.

"பெரிய பிரச்சினை மேடம். உங்க கதையில அப்பா யாரு? தோல் முதலாளி. ஐம்பது வருஷம் ஆட்டுத் தோல்லயே புரண்டவரு. அவர் கையில ஆட்டுத் தோலைக் குடுத்து, இது மகனோட கைன்னு ஏமாத்துவீங்களா? மெட்ராஸ்ல நம்புவாங்க. இங்க தியேட்டர்ல எழுந்து நின்னு சிரிப்பாங்க. தொட்ட ஒரு நொடியில தெரிஞ்சிடும் மேடம். ஒரே ஒரு நொடி."

அவர் என் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் சாயம், உள்ளங்கையில் காய்ப்பு.

"அப்பாவா நடிக்கறவருக்கு பேங்க் ஆபீசர் கை சார். க்ளோசப்ல உங்க கைய வெச்சுக்கறேன். நீங்க சொன்னீங்களே, அந்த ஒரு நொடி. அதை அப்படியே எடுக்கறேன்."

எடுத்துக்கொள்ளட்டும், நடிப்புதானே என்று சரி சொன்னேன். மறுநாள்தான் விவரம் வந்தது. ஜன்னலருகே நாற்காலியில் நான் உட்கார வேண்டும். கேமரா முழங்கைக்குக் கீழே மட்டும் பார்க்கும். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூத்த மகனாக நடிப்பவருக்கு நிஜமாகவே கையில் கரடி மாதிரி ரோமம். இளையவனாக நடிப்பவர் கையில் ரோமத்தோடு பதனிட்ட ஆட்டுத் தோலைச் சுற்றியிருக்கும். எந்தக் கை முதலில் வரும் என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள்.

"ஆட்டுத் தோல்னு தெரிஞ்ச நொடி உங்க கை நிக்கும்ல, அந்த நிறுத்தம் நடிச்சா வராது சார். நிஜமா வரணும்" என்றார் நிவேதா.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சேர்த்துப் பார்த்தேன். கேட்லாக். இடதுகை முடிச்சு. என்னைக் கூடவே இருக்கச் சொன்ன சின்ன பாய். கண்ணைக் கட்டிப் பரீட்சை வைக்கும் டைரக்டர். இது சினிமாவே இல்லை, எனக்கு வைத்த டெஸ்ட், வேனும் கேமராவும் வாடகைக்கு எடுத்தவை என்ற அளவுக்குப் போய்விட்டேன். ஒரு ஆளை வேலையை விட்டு அனுப்ப இவ்வளவு செலவு செய்வார்களா என்று மனதின் ஒரு மூலை கேட்டது. அந்த மூலையை நான் மதிக்கவில்லை.

5. டேக் ஒன்

காலை பத்து மணி. செலக்‌ஷன் ஹாலில் வேலை நிறுத்தியிருந்தார்கள். எல்லாரும் சுவரோரம் நின்றார்கள். சின்ன பாய் கைகட்டி நின்றார். பெரிய பாயை நாற்காலி போட்டு முன்னால் உட்காரவைத்திருந்தார்கள்.

பெரிய பாய்க்கு எழுபத்தெட்டு வயது. கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். ஆனாலும் தினமும் காலையில் ஃபேக்டரிக்கு வருவார். உள்ளே வரும் ஒவ்வொருவரின் கையையும் தன் இரண்டு கைக்குள் வைத்து, கட்டைவிரலால் விரல் நுனிகளை ஒருமுறை அழுத்துவார். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "இன்னா செல்வம், ஜுரமா?" என்பார். ஜுரமாகத்தான் இருக்கும். எனக்கு முன்னால் முப்பது வருடம் அந்த வடக்கு ஜன்னலில் நின்று தோல் பார்த்தவர். எனக்குச் செலக்‌ஷன் மேஜையைக் கொடுத்தவரும் அவர்தான்.

"ஆக்‌ஷன்" என்றார்கள். கண்ணை மூடினேன்.

ஒரு கை என் கைக்குக் கீழே வந்தது. விரல்களை ஓட்டினேன். கனவில் எதையோ தொடுகிற மாதிரி இருந்தது. கன்னத்தைப் பயன்படுத்த முடியாது, கேமராவுக்குள் வந்துவிடும். அப்போது ஒன்று தோன்றியது. கையைத் திருப்பி, மணிக்கட்டின் உள்பக்கத்தால் மெதுவாக வருடினேன். மணிக்கட்டில் உணர்ச்சி இருந்தது. ரோமம் தெரிந்தது. அதன் அடியில் சூடும் தெரிந்தது. உயிருள்ள சூடு. ஒரு நரம்புகூடத் துடித்தது.

மனிதன் கை. மூத்தவன் கை. சந்தேகமே இல்லை.

சந்தேகம் இல்லாததுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. இவ்வளவு சுலபமான பரீட்சையை யாராவது வைப்பார்களா? பக்கத்தில் பெரிய லைட் எரிகிறது. ஆட்டுத் தோலை அந்த லைட்டில் ஐந்து நிமிடம் காட்டினால் சூடாகிவிடும். உள்ளே இருப்பவன் நரம்பு துடிப்பது வெளியே தெரியும். சூடு இருக்கிறது என்பதால் நான் மனிதன் கை என்று நினைப்பேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். எட்வினை அவ்வளவு எளிதில் பிடிக்க முடியுமா?

கையை நிறுத்தினேன். நன்றாக, ஒரு நொடி, நாடகமாக நிறுத்தினேன். கண்ணை மூடியபடியே, "ஆட்டுத் தோல்" என்றேன்.

"சார்," என்றது அந்தக் கை, "நான் மனுஷன் சார்."

ஹாலே சிரித்தது. லைட்மேன் சிரித்ததில் நிழல் ஆடியது. கண்ணைத் திறந்தேன். சின்ன பாய் சிரிக்கவில்லை. காஞ்சனாவும் சிரிக்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் கைகளை மடியில் மறைத்துக்கொண்டேன்.

"இன்னா சிரிப்பு?" என்றது முன்னாலிருந்து ஒரு குரல். பெரிய பாய். "கையில அவ்ளோ முடி இருந்தா நானும் ஆடுன்னுதான் சொல்லுவேன். எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க. எட்வினு, நீ வா. என்னை ரூமுக்குக் கூட்டிட்டுப் போ."

6. பெரிய பாயின் ரூம்

கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். ரூமில் உட்கார்ந்த பிறகும் அவர் என் கையை விடவில்லை. இரண்டு கைக்குள் வைத்திருந்தார்.

"இப்ப நான் உன் விரலை அமுக்கறேனா இல்லியா? சொல்லு."

அவர் கை என் கையை மறைத்திருந்தது. "அமுக்கல பாய்" என்றேன்.

"நகம் பதியறாப்ல அமுக்கிட்டிருக்கேன்."

அவர் கையைத் திறந்தார், என் விரல் நுனியில் நகத்தின் தடம் இருந்தது.

"போன ரம்ஜானுக்கு முன்னாடியே தெரியும் எனக்கு. இத்தனை வருஷமா நான் அமுக்குனா உன் விரலு திருப்பி லேசா அமுக்கும். உனக்கே தெரியாது, அது பழக்கம். ஒருநாள் அது நின்னுபோச்சு. சரி, இன்னிக்கு சொல்லுவான், நாளைக்கு சொல்லுவான்னு பாத்தேன்."

"மேஜை போய்டும்னு பயந்தேன் பாய். பொண்ணு படிச்சிட்டிருக்கா."

"உன் பொண்ணு படிக்கறது எனக்குத் தெரியாதா?"

"அப்ப இவ்ளோ நாளு என் கட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். இடதுகை முடிச்சு ஞாபகம் வந்தது.

"காஞ்சனாகிட்ட நான்தான் சொன்னேன். நீ போனப்புறம் ஒரு மணி நேரம் இருந்து உன் கட்ட ஒருதடவை பாரு, தப்பு இருந்தா மாத்து, அவனுக்குத் தெரிய வேணாம்னு. அவ ஒரு வார்த்தை பேசல, செஞ்சிட்டிருக்கா. என் பையனுக்குக்கூடத் தெரியாது."

நான் என் நோட்டை நினைத்தேன். துப்பறியும் கதைகளில் இப்படி ஒரு முடிவு வந்து நான் படித்ததில்லை.

பெரிய பாய் ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு கேட்டார்: "அந்தப் பொண்ணு எடுக்கற கதையில, கெழவரு தொழில் இன்னா?"

"தோல் முதலாளி பாய்."

"அது படத்துல. உங்க வேதத்துல?"

"ஆடு மாடு வெச்சிருந்தவர்."

"எங்க கிதாபுல இந்தக் கதை இல்ல. நீ சொல்லித்தான் கேக்கறேன். ஆனா ஆடு வளத்தவன் கையில ஆட்டுத் தோலைக் குடுத்தா அவனுக்குத் தெரியாதா? குரலு வேறயா இருக்குன்னு அவரே சொல்லிருக்காரு. பக்கத்துல கூப்பிட்டுத் தடவியும் பாத்திருக்காரு. தெரிஞ்சுதான் இருக்கும் எட்வினு. தெரிஞ்சும் கைய எடுக்கல. அவ்ளோதான் விஷயம்."

ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைக் கேட்டு நாற்பத்தைந்து வருடம் ஆகிறது. பிறகு நானே நான்கு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். படத்தின் முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்று டைரக்டருக்குப் பாடம் நடத்தியவன், ஈசாக்குக்கும் தெரிந்திருக்குமே என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. ஏமாற்றியவன் பக்கத்திலிருந்தே எல்லாரும் கதையைச் சொல்கிறோம். ஏமாற்றுகிறவனுக்கு எதிரில் இருப்பவன் எப்போதும் குருடன்தான்.

"பையன்கிட்ட நீயே போய்ச் சொல்லு" என்றார். "நான் சொன்னா அது சிபாரிசாய்டும்."

7. டேக் டூ

காஞ்சனா சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பதினாலு மாசம்" என்றேன்.

"ஆமா. பதினாலு மாசமா ஆறரை பஸ்ஸு. எங்க வீட்ல இன்னா சந்தேகப்பட்டாங்க தெரியுமா?"

"நானும்தான் சந்தேகப்பட்டேன்."

"தெரியும். ஜெபக் குறிப்ப மேஜையிலயே விட்டுட்டுப் போய்ட்டீங்க ஒருநாள். 'கா., இடது முடிச்சு, மறுபடியும்'னு எழுதி வெச்சிருந்தீங்க." டப்பாவை உதறினாள். "சொல்லிருக்கலாம்ல சார்? நான் இன்னா கடிக்கவா போறேன்? இந்தப் பக்கம் நீங்க கன்னத்துல தேச்சிட்டு நிக்கறதப் பாத்து எத்தனை நாள் சிரிப்ப அடக்கிருக்கேன்!"

பிற்பகல் நிவேதாவிடம் போய் என் விரல்களைப் பற்றிச் சொன்னேன். பெரிய பாய் சொன்னதையும் சொன்னேன். அவர் ஸ்கிரிப்ட்டில் அந்தக் காட்சியை எடுத்து ஒரு வரியை அடித்தார். அப்புறம், "அப்ப ரகசியம் வேணாம் சார்" என்றார். "இப்ப வரப்போறது ஆட்டுத் தோல். உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். கை நிக்கும். ஆனா எடுக்காதீங்க. எடுக்காம என்ன செய்வாரோ அதைச் செய்யுங்க."

எனக்கு நடிக்கத் தெரியாது. ஆனால் பொய் சொல்லும் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு பதினாலு மாதம் ஒருவர் என்ன செய்தார் என்பது தெரிந்திருந்தது. ஆட்டுத் தோல் சுற்றிய அந்தக் கையை என் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டேன். விரல் நுனி வரை போய், கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினேன். விடவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. "கட்" என்று சொல்ல நிவேதா மறந்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். மறந்தாரா, நடித்தாரா என்று எனக்கு இன்னும் கொஞ்சம் டவுட்டுதான்.

8. அதற்குப் பிறகு

அன்று மாலையே சின்ன பாயிடம் சொன்னேன். அவர் கேட்லாக்கை மூடிவைத்துவிட்டு, "காலையில மனுஷன் கைய ஆடுன்னீங்களே சார், அப்பவே கணக்குப் போட்டேன். நாளைக்குக் கூப்பிட்டுப் பேசலாம்னு இருந்தேன். நீங்களா வந்தது நல்லதாப் போச்சு" என்றார். நானாக வராமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது செலக்‌ஷன் மேஜைக்குத் தலைவி காஞ்சனா. சம்பளமும் அதற்கேற்ப ஏறியது, பஸ்ஸும் ஐந்து மணி பஸ் ஆனது. நான் அவளுக்குப் பக்கத்தில் நின்று ரிப்போர்ட் எழுதுகிறேன், பையர்களோடு ஆங்கிலத்தில் சண்டை போடுகிறேன். சம்பளம் கொஞ்சம் கம்மி. மெஷினும் வந்தது. உண்ணித் தழும்பை நன்றாகப் பார்க்கிறது, தளர்ந்த தோலைக் கோட்டைவிடுகிறது. அதற்குக் கன்னம் கிடையாது.

படம் ஆம்பூரிலும் ஓடியது. ஃபேக்டரியே சேர்ந்து போனோம். அந்தக் காட்சி வந்ததும் திரை அளவுக்கு என் கை வந்தது. தியேட்டரில் எழுந்து நின்று யாரும் சிரிக்கவில்லை. காஞ்சனா மட்டும் காதருகே, "சார், நகத்த வெட்டிட்டு நடிச்சிருக்கலாம்" என்றாள்.

புதிதாக மேஜைக்கு வருகிறவர்களுக்கு இரண்டே விஷயம் சொல்கிறேன். விரல் நுனியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் கட்டில் வேறு முடிச்சு இருந்தால், நோட்டுப் போடுவதற்கு முன்னால் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டிருந்தால் பேரணாம்பட்டுக்காரி ஒருத்தி பதினாலு மாதம் நேரத்தோடு வீட்டுக்குப் போயிருப்பாள்.

பெரிய பாய் இப்போதும் தினமும் காலையில் வருகிறார். நானும் கை கொடுக்கிறேன். இரண்டு கைக்குள் வைத்துக்கொள்கிறார். எனக்கு ஒன்றும் தெரிவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் வாயாலேயே சொல்லிவிடுகிறார்:

"அமுக்கிட்டேன் எட்வினு."

நானும் என் விரல்களைப் பார்த்துக்கொண்டே திருப்பி அழுத்துகிறேன்.